பி-எக்ஸ் எது, பி-ஒய் எது? காந்தக் குவாண்டம் எண் சொல்லும் சேதி

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் அணு அமைப்புப் பாடம் வந்துவிட்டால் பிள்ளைகள் மளமளவென்று ஒப்பிப்பார்கள்: "எம்-இன் மதிப்பு மைனஸ் எல் முதல் ஜீரோ வழியாக பிளஸ் எல் வரை." சரி, அந்த எம் என்னதான் சொல்கிறது என்று கேட்டால், "ஆர்பிட்டாலின் திசை" என்று பதில் வரும். எந்தத் திசை, எதை வைத்துப் பார்த்த திசை என்று இன்னொரு கேள்வி போட்டால் வகுப்பு கப்சிப். பாளையங்கோட்டையில் டியூஷன் எடுக்கிற எனக்கு இந்த மௌனம் பழகிப்போனது. ஒருமுறை பின்வரிசைப் பையன் ஒருவன் கேள்வியை என் பக்கமே திருப்பிவிட்டான்: "சார், இதுதான் எக்ஸ், இதுதான் ஒய்னு எலக்ட்ரானுக்கு யாரு சொன்னா?"

அந்தப் பாடத்தில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: யாரும் சொல்லவில்லை. தனியாகக் கிடக்கும் அணுவுக்கு எக்ஸும் தெரியாது, இசட்டும் தெரியாது. வெளியிலிருந்து ஒரு காந்தப்புலமோ, பக்கத்தில் இன்னோர் அணுவோ வந்து சேர்ந்த பிறகுதான் அதற்குத் திசை என்று ஒன்று உண்டாகிறது. அந்தத் திசையை அடிப்படையாக வைத்து எண்ணுவதுதான் காந்தக் குவாண்டம் எண், அதாவது பிள்ளைகள் ஒப்பிக்கிற அந்த எம். இனி இதைச் சுருக்கமாகக் 'காந்த எண்' என்றே சொல்கிறேன்.

முதலில் ஆர்பிட்டால். நடுவில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி மூன்று நீள்வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. அறிவியல் கண்காட்சி பேனர் முதல் டியூஷன் சென்டர் போர்டு வரை அணு என்றால் இந்தப் படம்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் ஆர்பிட்டாலைப் புரிந்துகொள்ள இதைப் போலத் தடையான படம் வேறில்லை. 1913இல் நீல்ஸ் போர் சொன்ன வட்டப்பாதைகள் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளுக்குக் கணக்குச் சொல்லின, உண்மை. 1926இல் ஷ்ரோடிங்கர் தம் அலைச் சமன்பாட்டைத் தந்தபோது பாதை என்ற பேச்சே அடிபட்டுப்போனது. எலக்ட்ரான் இங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு, அங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும்தான் அந்தச் சமன்பாடு சொல்லும். அதன் ஒவ்வொரு தீர்வும் ஓர் ஆர்பிட்டால். புத்தகத்தில் உருண்டையாகவும் டம்பெல் வடிவிலும் வரைகிறார்களே, அந்தக் கோடு எலக்ட்ரான் ஓடுகிற தடம் அல்ல. 'எலக்ட்ரான் இதற்குள் இருக்க 90 சதவீத வாய்ப்பு' என்று சொல்வதற்காக நாம் போட்ட எல்லை.

அலை என்று சொல்லிவிட்டோம். அலையைக் கண்ணால் பார்க்க நம் ஊரிலேயே ஒரு நல்ல பொருள் இருக்கிறது. சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்துக்கு அடிப்பார்களே, மகுடம். வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய கொட்டு. நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றி அடித்தால் அது பல விதங்களில் ஒரே சமயத்தில் அதிரும். அவற்றில் எளிய விதம், தோல் முழுவதும் ஒன்றாக மேலே எழும்பிக் கீழே இறங்குவது. அடுத்த விதத்தில் தோல் இரண்டு பாதியாகப் பிரியும். ஒரு பாதி மேலே போகும்போது மறு பாதி கீழே போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு விட்டத்தின் நெடுக தோல் அசையாமல் நிற்கும். தோல் அந்த விதத்தில் மட்டும் அதிரும்படி செய்து, மேலே மெல்லிய மணலைத் தூவினால் மணல் அந்தக் கோட்டில் போய் ஒதுங்கும். அசையாத அந்த இடத்துக்குப் பெயர் கணு. மிருதங்கத் தோலின் இத்தகைய அதிர்வுகளைச் சி.வி. ராமன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இப்போது கேள்வி: அந்தக் கணுக்கோடு எந்தத் திசையில் விழும்? தெற்கு வடக்காகவா, கிழக்கு மேற்காகவா? தோல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தால் எந்தத் திசையிலும் விழலாம். எப்படி விழுந்தாலும் சுருதி ஒன்றுதான். ஆனால் தோலின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஓரிடத்தில் கொஞ்சம் மெழுகை ஒட்டிப் பாருங்கள், நிலைமை மாறிவிடும். மெழுகின் வழியாகக் கணு போனால் சுருதி அப்படியே இருக்கும், ஏனென்றால் அசையாத இடத்தில் எடை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. கணு குறுக்கே திரும்பி, மெழுகு துள்ளுகிற இடத்தில் இருந்தால் சுருதி சற்றே இறங்கும். ஒன்றாக இருந்த சுருதி இரண்டாகிவிட்டது. வெளியிலிருந்து வந்த ஒரு துளி மெழுகுதான் மகுடத்துக்கு 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்பதையே உண்டாக்கியது.

அணுவில் நடப்பதும் இதே சங்கதிதான். தோல் தட்டையானது, எலக்ட்ரான் அலையோ மூன்று பரிமாணத்தில் பரவியது. அதனால் கணு இங்கே கோடாக இல்லாமல் பரப்பாக இருக்கும். மூன்று குவாண்டம் எண்களும் இந்தக் கணுக்களைத்தான் கணக்கெடுக்கின்றன. முதன்மை எண் 'என்' என்றால் மொத்தக் கணுக்கள் அதைவிட ஒன்று குறைவு. அவற்றில் உட்கருவின் வழியாகச் செல்லும் கோணக் கணுக்கள் எத்தனை என்பதைக் கோண உந்த எண் 'எல்' சொல்லும். மீதி, உட்கருவைச் சுற்றிய உருண்டைக் கணுக்கள். உதாரணமாக 3பி (என் 3, எல் 1) என்றால் மொத்தம் இரண்டு கணு. ஒன்று தளம், ஒன்று உருண்டை. கோண உந்த எண் பூஜ்ஜியமானால் எஸ், 1 ஆனால் பி, 2 ஆனால் டி, 3 ஆனால் எஃப். கோணக் கணுவே இல்லாததால் எஸ் உருண்டை. ஒரு கணுத்தளம் நடுவே வெட்டுவதால் பி-க்கு இரண்டு மடல், அதுதான் டம்பெல்; அது எக்ஸ் அச்சில் நீண்டிருந்தால் பி-எக்ஸ், ஒய் அச்சில் என்றால் பி-ஒய், இசட் அச்சில் என்றால் பி-இசட்.

அந்தக் கணுத்தளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? மகுடத்தில் கேட்ட அதே கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வந்ததுதான் காந்த எண்.

ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலிருந்து கிடைக்கும் கணக்கு இப்படிப் போகிறது. கருவைச் சுற்றியுள்ள எலக்ட்ரானுக்குக் கோண உந்தம், அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவு, உண்டு. அதன் மொத்த அளவு, எல் பெருக்கல் எல் கூட்டல் ஒன்று என்பதன் வர்க்கமூலம். (அலகு எச்-பார், அதாவது பிளாங்க் மாறிலியை இரண்டு பை-யால் வகுத்தது.) பி எலக்ட்ரானுக்கு எல் = 1, ஆகவே மொத்தம் இரண்டின் வர்க்கமூலம், 1.414. ஒரு திசையைத் தேர்ந்துகொண்டு, அதற்கு இசட் என்று பெயர் வைத்து, அந்தத் திசையில் இந்த உந்தத்தின் பங்கு எவ்வளவு என்று அளந்தால் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு மதிப்பு வந்துவிடாது. +1, 0, −1 என்ற மூன்றில் ஒன்றுதான் வரும். அந்த மூன்றும்தான் காந்த எண்கள்.

1.414 இருக்கும்போது இசட் திசையில் அதிகபட்சம் 1 தானா என்று நியாயமாகவே தோன்றும். ஆமாம், முழுசாக அந்தத் திசையில் திரும்பி நிற்க அதற்கு அனுமதி இல்லை. +1 என்றால் இசட் அச்சோடு 45 பாகை, 0 என்றால் 90 பாகை, −1 என்றால் 135 பாகை. டி எலக்ட்ரானுக்கு மொத்தம் ஆறின் வர்க்கமூலம், சுமார் 2.45, இசட் பங்கு +2, +1, 0, −1, −2 என ஐந்து. இங்கும் உச்சமான +2 கூட 2.45ஐ எட்டவில்லை. உந்தம் முழுக்க இசட் பக்கம் திரும்பிவிட்டால் எக்ஸ், ஒய் திசைகளில் அதன் பங்கு பூஜ்ஜியம் என்று உறுதியாகிவிடும். மூன்றையும் ஒருசேர உறுதியாக வைத்திருக்க குவாண்டம் விதிகள் இடம் தருவதில்லை.

ஆக எஸ்-க்கு 1, பி-க்கு 3, டி-க்கு 5, எஃப்-க்கு 7. "இரண்டு எல் கூட்டல் ஒன்று" என்று மனப்பாடம் செய்கிறோமே, அது மைனஸ் எல்-லிலிருந்து பிளஸ் எல் வரை எண்ணினால் வரும் எண்ணிக்கை, அவ்வளவுதான். தனிச் சூத்திரமாக நினைவில் வைக்க வேண்டியதே இல்லை.

இதில் காந்தம் எங்கே வந்தது? கதை ஷ்ரோடிங்கருக்கு முப்பது வருடம் முந்தையது. 1896இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் சீமன், சாப்பாட்டு உப்பில் தோய்த்த ஒரு கல்நார்த் துண்டை பன்சன் சுடரில் வைத்து, அந்தச் சுடரை ஒரு வலுவான மின்காந்தத்தின் இரண்டு துருவங்களுக்கு நடுவே நிறுத்தினார். உப்பில் சோடியம் இருக்கிறது. சோடியம் சுடரில் பட்டால் மஞ்சள் ஒளி. நம் வீட்டு அடுப்பிலும் பார்க்கலாம். தூத்துக்குடி உப்பு ஒரு சிட்டிகை எடுத்து (தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டம்தானே) காஸ் அடுப்பின் நீலச் சுடரில் தூவினால் குப்பென்று மஞ்சளாகும். தெருவிளக்குகள் எல்.இ.டி. ஆவதற்கு முன் சாலையெல்லாம் படர்ந்திருந்த மஞ்சள் வெளிச்சமும் சோடியத்தின் கொடைதான். 3பி-இல் இருந்த எலக்ட்ரான் 3எஸ்-க்கு இறங்கும்போது வெளிவரும் ஒளி அது. நிறமாலையில் அருகருகே இரண்டு கோடுகள்: 589.0, 589.6 நானோமீட்டர்.

மின்காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் அந்தக் கோடுகள் அகலமாவதைச் சீமன் கண்டார். மின்சாரத்தை நிறுத்தினால் பழையபடி மெலிந்துவிட்டன. அகலமாகத் தெரிந்தது உண்மையில் பிளவு என்பது பிறகு தெளிவானது. இதற்கு விளக்கம் தந்த லோரன்ஸும் சீமனும் 1902ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானை உறுதிப்படுத்தியதே 1897இல்தான் என்பதை நினைத்துக்கொண்டால், இந்தச் சோதனை எவ்வளவு முந்திக்கொண்டது என்று புரியும்.

பிளவுக்குக் காரணம் நேரடியானது. கோண உந்தத்தோடு இருக்கும் மின்னூட்டம் ஒரு குட்டிக் காந்தம். புலத்தில் வைத்தால் அதன் ஆற்றல் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், அல்லது மாறாது. +1, −1, 0. அதுவரை ஒரே ஆற்றலோடு இருந்த மூன்று பி நிலைகள் மூன்று படியாகப் பிரிகின்றன. பெயரில் காந்தம் ஒட்டிக்கொண்டது இதனால்தான். பாடத்தில் படிப்பதுபோல ஒரு கோடு அழகாக மூன்றாவதைப் பார்க்க வேண்டுமானால் காட்மியத்தின் சிவப்புக் கோடு நல்ல உதாரணம். சோடியம் கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது. அங்கே எலக்ட்ரானின் தற்சுழற்சியும் (ஸ்பின், எலக்ட்ரானுக்கே உரிய உந்தம்) சேர்ந்துகொள்வதால் ஒரு கோடு நான்காகவும் மற்றது ஆறாகவும் பிரியும்.

இப்போது இசட் அச்சுக்கு வருகிறேன். இசட் என்றால் மேலே என்று பிள்ளைகள் மனசில் பதிந்துபோயிருக்கிறது, காரணம் புத்தகத்தில் அப்படி வரைந்திருப்பதுதான். காந்தப்புலத்தில் வைத்த அணுவுக்கு, புலம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் இசட். இதை உணர்ந்துகொள்ள நெல்லைச் சீமை ரொம்ப வசதியான இடம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால் நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய தரையோடு படுத்துக் கிடக்கிறது, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி. மேலும் கீழும் ஆடும்படி ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால் இங்கே அது கிட்டத்தட்ட சமமாக நிற்கும்; லண்டனில் அதே ஊசி நன்றாகச் சரிந்து கீழே குத்தப் பார்க்கும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில், சிற்பங்களுக்குப் பேர்போன கோயில் இருக்கிற அந்த ஊரில்தான், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. காந்த நடுக்கோட்டின் மேல் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய இந்த இடம் தோது.

ஆகவே நெல்லையில் ஒரு சோடியம் அணுவுக்குப் பூமியின் புலம் மட்டுமே துணை என்றால், அதன் இசட் அச்சு வானத்தைப் பார்த்து நிற்காது. வடக்கே மதுரையைப் பார்த்துப் படுத்திருக்கும். லண்டனில் தரையைத் துளைத்துக்கொண்டு சரியும். அணு ஒன்றுதான். திசையைக் கொடுத்தது ஊர்.

இப்படிக் கொடுக்கும் திசை எவ்வளவு வலுவானது என்றும் பார்த்துவிடலாம். இங்கே பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அதில் பி நிலைகள் விலகும் அளவு, மஞ்சள் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றலில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. தெருவிளக்கு வெளிச்சத்தில் இதைப் பார்க்க வழியே இல்லை. சீமனுக்கு மின்காந்தம் தேவைப்பட்டது அதனால்தான்.

அடுத்தது, கைடுகளில் நான் அடிக்கடி பார்க்கிற ஒரு வரி: "எம் = +1 என்றால் பி-எக்ஸ், −1 என்றால் பி-ஒய், 0 என்றால் பி-இசட்." கடைசிப் பகுதி சரி. முதல் இரண்டும் சரியில்லை, எத்தனை புத்தகத்தில் அச்சாகியிருந்தாலும். காந்த எண் +1 என்று உறுதியாக இருக்கும் பி ஆர்பிட்டால் டம்பெல்லே கிடையாது. இசட் அச்சைச் சுற்றி உளுந்தவடை மாதிரி வளையமாக இருக்கும்; −1ம் அதே வளையம்தான், உந்தம் மட்டும் எதிர்ப்பக்கம். இந்த இரண்டையும் சம அளவில் ஒரு விதமாகக் கலந்தால் பி-எக்ஸ் டம்பெல் கிடைக்கும், இன்னொரு விதமாகக் கலந்தால் பி-ஒய். கலந்ததும் இடமும் வலமுமான உந்தங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால் பி-எக்ஸுக்குத் திட்டவட்டமான காந்த எண் என்று ஒன்றே இல்லை. அதை அளந்தால் பாதி வாய்ப்பு +1, பாதி வாய்ப்பு −1.

அப்படியென்றால் வேதியியலில் ஏன் பி-எக்ஸ், பி-ஒய் என்றே பேசுகிறோம்? வசதிக்காக. இரண்டு அணுக்கள் பிணையும்போது மடல் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும். வளையத்தை வைத்துக்கொண்டு பிணைப்பை வரைவது கஷ்டம். புலம் இல்லாதபோது மூன்றின் ஆற்றலும் ஒன்றே என்பதால் எப்படிக் கலந்தாலும் சமன்பாடு கோபித்துக்கொள்ளாது. டி-யிலும் இப்படித்தான்: டி-இசட்-ஸ்கொயருக்கு மட்டும் காந்த எண் 0 என்று உறுதி. டி-எக்ஸ்-இசட்டும் டி-ஒய்-இசட்டும் +1, −1 கலவைகள். மீதி இரண்டும் +2, −2 கலவைகள். தேர்வில் கேட்டால்? பி-இசட்டையும் டி-இசட்-ஸ்கொயரையும் கேட்டால் பூஜ்ஜியம் என்று தைரியமாக எழுதுங்கள். பி-எக்ஸுக்கு +1 என்று ஆன்சர் கீ அடம்பிடித்தால் மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு, மனசில் மட்டும் நம்பாதீர்கள்.

நீட் மாதிரித் தேர்வுகளில் வருகிற கேள்வி ஒன்றைப் பார்த்துவிடலாம். முதன்மை எண் 4, காந்த எண் +1. இந்த இரண்டும் பொருந்தும் எலக்ட்ரான்கள் ஓர் அணுவில் அதிகபட்சம் எத்தனை? முதன்மை எண் 4 என்றால் எல் 0, 1, 2, 3 ஆகலாம். எஸ்-இல் +1க்கு இடமில்லை. பி, டி, எஃப் மூன்றிலும் ஆளுக்கொன்று. மூன்று ஆர்பிட்டால், பௌலி விதிப்படி ஒவ்வொன்றிலும் எதிரெதிர் தற்சுழற்சியோடு இரண்டு. விடை 6. இதேபோல 'என் 2, எல் 1, எம் 2' என்று ஒரு தொகுதியைக் கொடுத்து சரியா என்று கேட்பார்கள். எல் 1 ஆக இருக்கும்போது எம் 2 ஆக முடியாது, பங்கு மொத்தத்தை மிஞ்சிவிடும். தற்சுழற்சி எண் (+½, −½) நான்காவது எண். ஆர்பிட்டாலின் வடிவத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

பின்வரிசைப் பையனின் கேள்விக்கு நேரடியான சாட்சி நைட்ரஜன். அதில் மூன்று 2பி-யிலும் ஒவ்வோர் எலக்ட்ரான். மூன்று டம்பெல்களின் அடர்த்தியையும் கூட்டிப் பாருங்கள், மடலும் பள்ளமும் ஒன்றையொன்று நிரப்பிக்கொண்டு சுத்தமான உருண்டையாகிவிடும். நாம் வரைந்த எக்ஸ், ஒய், இசட் அதில் எங்குமே மிஞ்சாது.

திசையைக் கொடுக்கக் காந்தம்தான் வேண்டும் என்பதில்லை, பக்கத்து அணுக்களும் கொடுக்கும். வாழைக்கும் தென்னைக்கும் போர்டோ கலவை தயாரிக்க உரக்கடையில் மயில்துத்தம் வாங்குவார்களே, அந்த நீலக் கல் தாமிர சல்பேட். ஒரு துண்டைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால் குழாயின் மேல்பக்கம் நீர் அரும்பும், நீலம் வெளிறி வெள்ளைப் பொடியாகும். ஆறிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் திரும்பவும் நீலம். தாமிர அயனியின் ஐந்து டி ஆர்பிட்டால்களும் தனியே இருந்தால் ஒரே ஆற்றல். நீர் மூலக்கூறுகள் சுற்றி உட்கார்ந்ததும், அவற்றை நோக்கி நீண்ட மடல்களுக்கு ஆற்றல் ஏறும், இடைவெளியில் நீண்டவற்றுக்கு இறங்கும். அந்த ஆற்றல் வித்தியாசத்துக்கு ஏற்ற சிவப்புப் பக்க ஒளியை அயனி விழுங்கிவிடுவதால் நமக்கு நீலம் தெரிகிறது. தண்ணீர் போனதும் வித்தியாசத்தின் அளவு மாறி, விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் ஒதுங்குகிறது.

எஃப் ஆர்பிட்டால்கள் ஏழும் இந்த அக்கம்பக்கத் தொந்தரவுக்கு அவ்வளவாக ஆட்படாதவை. 4எஃப் எலக்ட்ரான்கள் 5எஸ், 5பி எலக்ட்ரான்களுக்கு உள்ளே புதைந்து கிடக்கின்றன. இரும்பில் அக்கம்பக்கத்து அணுக்கள் டி எலக்ட்ரான்களின் கோண உந்தத்தைக் கிட்டத்தட்ட முடக்கிவிடுவதால் அதன் காந்தத்தன்மை பெரும்பாலும் தற்சுழற்சியிலிருந்தே வருகிறது. எஃப்-இல் அந்த உந்தம் உயிரோடு இருக்கும். நம் தென்கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் சீரியம், லாந்தனத்தோடு நியோடிமியமும் உண்டு. மூன்று எலக்ட்ரான் இழந்த நியோடிமிய அயனியில் மூன்று எஃப் எலக்ட்ரான்கள் மிஞ்சும். எலக்ட்ரான்கள் ஆர்பிட்டால்களில் அமரும் ஒழுங்கைச் சொல்லும் ஹூண்ட் விதிகளின்படி அவை +3, +2, +1 என்று உட்காரும், கூட்டினால் 6. அந்த எஃப் மேகம் உருண்டையாக இல்லாததால் படிகத்துக்குள் குறிப்பிட்ட ஒரு திசையில்தான் பொருந்தும். தற்சுழற்சியும் அதோடு பிணைந்திருப்பதால் காந்தத்தின் திசை லேசில் புரளாது. இயர்போனுக்குள் இருக்கும் நியோடிமியக் காந்தம் அத்தனை சிறியதாக இருந்தும் பலமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தனிம அட்டவணையில் அதே வரிசையில் சற்றுத் தள்ளியிருக்கும் கடோலினியத்தில் ஏழு எஃப்-இலும் ஒவ்வோர் எலக்ட்ரான். காந்த எண்களைக் கூட்டினால் பூஜ்ஜியம், மேகம் நைட்ரஜனைப் போலவே உருண்டை; படிகத்துக்குள் அது பிடித்துக்கொள்ள ஒரு திசை இல்லை.